ஆண்டு முழுவதும் தீவனம்

கறவை மாடு தினமும் தின்ன வேண்டும். ஆனால் வயலில் ஆண்டு முழுவதும் பசுமை இருக்குமா? இருக்காது. தீவனம் குறைந்தால் பால் குறையும். பால் குறைந்தால் வீட்டு வருமானமும் குறையும். இதற்குப் பஞ்சாப் மாநில உழவர்கள் என்ன செய்கிறார்கள்? படித்துப் பார்ப்போம்.

குளிர்காலத்தில்

பஞ்சாபில் பெர்சீம் என்ற தீவனப் பயிர் உண்டு. அதை அக்டோபர் மாதத்தை ஒட்டி விதைப்பார்கள். சுமார் 50 நாளில் முதல் அறுப்பு. பிறகு 30 முதல் 40 நாளுக்கு ஒரு முறை அறுக்கலாம். ஏப்ரல் வரை பசுந்தீவனத்துக்குக் கவலை இல்லை.

பெர்சீமை மட்டும் வயிறு நிறையத் தின்றால் மாட்டுக்கு வயிறு உப்பும். உயிருக்கே ஆபத்து. ஆகவே கோதுமை வைக்கோலைக் கலந்து போடுகிறார்கள்.

கோடையிலும் மழையிலும்

ஏப்ரலில் கோதுமை அறுவடை. வைக்கோலைச் சேமித்து வைப்பார்கள். மக்காச்சோளம், சோளம், கம்பு, தட்டைப்பயறு ஆகியவற்றைத் தீவனத்துக்காக விதைப்பார்கள்.

எச்சரிக்கை! இளம் சோளப் பயிரில் நஞ்சு உண்டு. தண்ணீர் இல்லாமல் வாடிய பயிரில் நஞ்சு அதிகம். அதைத் தின்ற மாடு சிறிது நேரத்திலேயே இறந்து போகலாம். சோளம் பூத்த பிறகே அறுத்துப் போட வேண்டும்.

தட்டுப்பாடான மாதங்களில்

மே, ஜூன் மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பசுந்தீவனம் குறையும். ஒரு பயிர் முடிந்திருக்கும். அடுத்த பயிர் வளர்ந்திருக்காது. அப்போது கை கொடுப்பது ஊறுகாய்ப் புல்.

ஊறுகாய்ப் புல் செய்வது எப்படி?

1. மழைநீர் தேங்காத மேட்டில் குழி எடுங்கள்.
2. மணி பால் பிடித்து இறுகும் பருவத்தில் மக்காச்சோளப் பயிரை அறுங்கள். சிறு துண்டுகளாக நறுக்குங்கள்.
3. குழியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நன்றாக மிதியுங்கள். உள்ளே காற்று இருக்கக் கூடாது.
4. பிளாஸ்டிக் தாளால் மூடி, மேலே மண் போடுங்கள்.
5. 45 நாள் கழித்துத் திறங்கள். பூசணம் பிடித்த பகுதியை எறிந்துவிடுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

பால் தரும் பெரிய பசுவுக்குப் பசுந்தீவனம் 20 முதல் 25 கிலோ, வைக்கோல் 5 முதல் 6 கிலோ போடலாம். பிண்ணாக்கு, தவிடு, தானியம் கலந்த அடர் தீவனமும் வேண்டும். உடல் நலத்துக்கு ஒரு கிலோ. அதற்கு மேல், கறக்கும் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதம் கூட்டுங்கள். தாது உப்பும், வேண்டிய மட்டும் குடிநீரும் மிக அவசியம்.

பேசுவோம்

1. உங்கள் ஊரில் எந்த மாதங்களில் பசுந்தீவனம் குறைகிறது?
2. அந்த மாதங்களுக்கு இப்போதே எதைச் சேமிக்கலாம்?
3. தினமும் 8 கிலோ பசுந்தீவனம் குறைந்தால், 30 நாளில் எவ்வளவு குறையும்? கணக்குப் போடுங்கள்.