காற்றை எடுத்துவிட்டால் குழம்பு கெடாதா?

ஓசூர் ரோட்டில், அத்திப்பள்ளிக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் இடையில் இருக்கிறது சந்தாபுரா. இங்குள்ள தமிழ் வீடுகளுக்கு ஊரிலிருந்து பொடியும் கருவாடும் கறிக்குழம்பும் வருவது வழக்கம். அவற்றை நாள்பட வைத்துக்கொள்ளத்தான் பலர், பையிலுள்ள காற்றை உறிஞ்சி வாயை ஒட்டும் வேக்குவம் சீலர் வாங்குகிறார்கள். நல்ல கருவிதான். ஆனால் அதைப் பற்றிய ஒரு நம்பிக்கை உயிருக்கே ஆபத்தானது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நம்பிக்கை: காற்றை உறிஞ்சி ஒட்டிவிட்டால் குழம்பை வெளியிலேயே வைக்கலாம்.

உண்மை: கூடவே கூடாது. காற்று போனால் பூஞ்சை பிடிப்பது குறையும், எண்ணெயில் சிக்கு வாடை வருவதும் தள்ளிப்போகும். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் கதை வேறு. அது ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் வளரும். அதன் வித்துகள் மண்ணில் இருப்பவை. பூண்டு, வெங்காயம், காளான் வழியாக அடுப்படிக்கு வந்துவிடும். 100 டிகிரியில் குழம்பு தளதளவென்று கொதித்தாலும் அவை பிழைத்துக்கொள்ளும். டின் உணவுத் தொழிற்சாலைகள் 121 டிகிரி வரை சூடாக்குவது இதற்காகத்தான். இந்தக் கிருமி உண்டாக்கும் நச்சு நரம்புகளை முடக்கி, மூச்சையே நிறுத்திவிடக்கூடியது. கெட்ட நாற்றம் வந்து நம்மை எச்சரிக்கும் என்றும் நம்ப முடியாது.

அதனால் ஈரப்பதமுள்ள எதுவும், ஒட்டிய பிறகும் குளிரில்தான் இருக்க வேண்டும். இந்தக் கிருமியின் சில வகைகள் 3 டிகிரியிலேயே வளரும் என்பதால் ஃபிரிட்ஜிலும் மூன்று நான்கு நாள்தான் கணக்கு. அதற்கு மேல் வேண்டுமென்றால் மைனஸ் 18 டிகிரி ஃபிரீசர். பச்சைப் பூண்டையும் காளானையும் ஒட்டி வைக்கவே வேண்டாம். உறைந்த மீனை உருக வைக்கும்போது முதலில் பையைக் கிழித்துவிடுங்கள். ஊரிலிருந்து குழம்பு கொண்டுவருபவர்கள் அதைக் கல்லாக உறையவைத்து, ஐஸோடு தெர்மோகோல் பெட்டியில் கொண்டுவாருங்கள்.

நம்பிக்கை: உறிஞ்சும் அழுத்தம் மைனஸ் 95 கிலோபாஸ்கல் என்று போட்டிருக்கும் மெஷின்தான் சிறந்தது.

உண்மை: சென்னையில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் பகுதியில் அது 91 அளவில்தான் இருக்கும். இருக்கிற காற்றை விட அதிகமாக எந்த பம்ப்பாலும் எடுக்க முடியாது. ஆகவே அந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஒட்டும் பட்டை அகலமாக இருக்கிறதா, நாம் நினைத்த இடத்தில் உறிஞ்சலை நிறுத்தி ஒட்ட முடிகிறதா என்று பாருங்கள். பையின் விலையையும் கேளுங்கள். வாயோரத்தில் உறிஞ்சும் வீட்டு மெஷினுக்கு உள்பக்கம் வரிவரியாக இருக்கும் பைதான் பொருந்தும். வழவழப்பான சாதாரண பை சரிப்படாது. செலவு போய்க்கொண்டே இருப்பது பையில்தான்.

இட்லி மாவையும் ஒட்டலாம் என்கிறார்கள். புளிக்கும் மாவு வாயுவை வெளிவிடும், பை உப்பிவிடும். புதிதாக வறுத்த காப்பிக் கொட்டையும் அப்படியே. சாம்பாரை நேராகப் பையில் ஊற்றினால் மெஷின் அதையும் சேர்த்து உறிஞ்சும். டப்பாவில் உறையவைத்து, கட்டியாக எடுத்துப் பையில் போடுங்கள்.

இந்தக் கருவி உண்மையிலேயே கைகொடுப்பது உலர்ந்த பொருள்களுக்கு. எள்ளுப்பொடி, வேர்க்கடலை, முந்திரி எல்லாம் வாசம் மாறாமல் இருக்கும். அரிசியிலும் ரவையிலும் வண்டு பெருகாது. பொடி போடும்போது பையின் வாயை வெளிப்புறமாக மடித்துக்கொள்ளுங்கள். ஒட்டும் இடத்தில் தூள் படிந்தால் மறுநாளே காற்று புகுந்துவிடும். கருவாட்டு முள் பையைக் குத்தும். காகிதத்தில் சுற்றி வையுங்கள். பச்சைக் கறி, மீன் வைத்த பையைக் கழுவி மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

மெஷின் வாங்கக் கிளம்பும் முன் உங்கள் ஃபிரீசரைத் திறந்து பாருங்கள். அங்கே இடம் இல்லையென்றால் பொடிக்கும் பருப்புக்கும் அரிசிக்கும் மட்டும் வாங்குங்கள். குழம்பை அன்றன்றைக்கே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.