நாற்காலி பரிசல்ல

அன்பு மகளுக்கு,

லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளைத் தமிழாக்கும் வேலையால், அதை நடத்தும் டாக்குமெண்ட் ஃபவுண்டேஷனில் உறுப்பினராகிவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். இயக்குநர் குழுத் தேர்தலில் நிற்கலாமா என்று கேட்டிருக்கிறாய். நிற்கலாம். ஆனால் எதற்காக நிற்கிறாய்?

அந்த உறுப்பினர் உரிமை சந்தா கட்டி வாங்கியதல்ல. 3 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும், இன்னும் 6 மாதம் செய்வதாகச் சொல்ல வேண்டும். அங்கே ஓட்டு உழைப்பால் வருகிறது. அதனாலேயே அதிகம் உழைத்தவருக்கு நாற்காலியையும் பரிசாகக் கொடுக்கத் தோன்றும். நாதஸ்வரம் நன்றாக வாசிக்கிறார் என்பதற்காகக் கோயில் கணக்கை அவரிடம் ஒப்படைப்போமா?

நிரல் பற்றிய முடிவுகளுக்கு அங்கே வேறு குழு இருக்கிறது. இயக்குநர்கள் தலையில் விழுவது நன்கொடைப் பணம், ஊழியர் சம்பளம், வணிகக்குறி, ஜெர்மானிய அறக்கட்டளைச் சட்டம்.

லிப்ரே ஆபிஸின் முன்னோடியான ஓப்பன் ஆபிஸை வைத்திருந்த சன் நிறுவனத்தை 2010-ல் ஆரக்கிள் வாங்கியபோது, அந்த மென்பொருள் ஒரே முதலாளி கையில் இருப்பது ஆபத்து என்று பிரிந்து வந்தவர்கள் உண்டாக்கியது இந்த அமைப்பு. 2012-ல் பெர்லினில் அறக்கட்டளையானது. சூடு கண்ட பூனைகள் அல்லவா? இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நிறுவனத்தார் இருக்கக் கூடாது என்று விதி எழுதிவைத்தார்கள். 7 பேரில் 2 பேர்தான்.

ஆனால் விதி தலையைத்தான் எண்ணும், மனசை எண்ணாது. அறக்கட்டளை சில வேலைகளை டெண்டர் விட்டுச் செய்வித்திருக்கிறது. டெண்டர் கேட்கக்கூடிய கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவரே இயக்குநராகவும் இருக்கலாம். அதில் குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். ஆகவே ஓட்டுப் போடும் முன் ஒவ்வொரு வேட்பாளரிடமும் கேள்: "உங்களுக்குச் சம்பளம் தருவது யார்? எந்தப் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போவீர்கள்?" பதில் மழுப்பலாக இருந்தால், அவர் எவ்வளவு பெரிய நிரலாளராக இருந்தாலும் விட்டுவிடு. நீ நின்றால், பிறர் கேட்குமுன் நீயே சொல்லிவிடு.

பதவிக்காலம் 2 ஆண்டு. மனு கொடுக்கும் முன் இயக்குநர் குழுவின் கடந்த ஓராண்டுக் கூட்டக் குறிப்புகளை ஒன்றுவிடாமல் படி. கொட்டாவி விடாமல் முடித்தாயானால் தாராளமாக நில். கொட்டாவி வந்தால் வருத்தப்படாதே அம்மா, மொழிபெயர்ப்பு இன்னும் பாக்கி இருக்கிறது. அதைத் தமிழ் தெரிந்தவர்தான் செய்ய முடியும்.

அன்புடன்,
பெரியப்பா