மனநலச் சிகிச்சைக்குத் துணை நிற்கும் சமையலறை: 8 குறிப்புகள்

மனச்சோர்வுக்கோ இருதுருவக் கோளாறுக்கோ மாத்திரை சாப்பிடுபவர் வீட்டில் இருக்கிறாரா? மாத்திரையை நிறுத்தாமல், சாப்பாட்டில் இவற்றையும் கவனியுங்கள்.

1. வேளை தவறாமல் சாப்பாடு கொடுங்கள். என் தங்கை சோர்ந்து படுத்துக் கிடந்த நாட்களில், தட்டை வைத்துவிட்டு வந்தால் அப்படியே ஆறிக் கிடக்கும். பக்கத்தில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டால் இரண்டு இட்லியாவது உள்ளே போகும்.

2. அடுப்பைப் பற்றவைக்கவே தெம்பில்லாத நாளும் வரும். வறுகடலை, வேர்க்கடலை, பேரீச்சம்பழம் மூன்றையும் டப்பாக்களில் போட்டு, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

3. காய்கறி, பருப்பு, பழம், மீன் தாராளமாக இருக்கட்டும். 2017-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், 12 வாரம் இப்படிச் சாப்பிட்ட மனச்சோர்வு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நன்கு தேறினார்.

4. வாரம் இரண்டு நாள் மத்தி அல்லது அயிலைக் குழம்பு வையுங்கள், ஒமேகா-3 கிடைக்கும். சைவர்கள் ஆளிவிதையை வறுத்து இட்லிப் பொடியோடு சேர்த்து அரைக்கலாம்.

5. கீரை வெந்த நீரைக் கொட்டாதீர்கள். ஃபோலேட் சத்து அதோடு போய்விடும். சைவர்கள் ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. அது குறைந்தாலும் சோர்வும் மறதியும் வரும்.

6. காபி, டீயை மதியத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்டால் மனநிலையும் கெடும், இருதுருவக் கோளாறில் மிகை எழுச்சியையும் தூண்டும். மதுவை அறவே தவிருங்கள்.

7. லித்தியம் சாப்பிடுபவர் உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது. உப்போ நீரோ குறைந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். கோடையில் தண்ணீர் குறையாமல் குடிக்கட்டும். விரதம் இருக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலோ, கைநடுக்கம் கூடி நடை தள்ளாடினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

8. சில மாத்திரைகள் பசியைக் கிளப்பிவிடும். "எவ்வளவுதான் தின்பே?" என்று கடிந்துகொள்ளாதீர்கள். மிக்சர் பாக்கெட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சுண்டலும் வெள்ளரிப் பிஞ்சும் வையுங்கள்.

வாழவே பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் தனியே விடாதீர்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தமிழிலேயே பதில் கிடைக்கும்.