குளிர்ச்சியும் புஷ்ப உற்பத்தியும்

(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

உதகமண்டலம் செல்லும் நிலச்சுவான்தார்களில் அநேகர், அங்கே கொத்துக் கொத்தாய்ப் பூத்து நிற்கும் ஹைட்ராஞ்சியாச் செடியின்மேல் ஆசைகொண்டு, விலை கொடுத்து வாங்கி வருகின்றனர். சமவெளியில் அச்செடி, கொண்டுவந்த பூ உதிர்ந்தபின் இலையை மட்டுமே விடுகிறது. மறு வருஷம் பூப்பதில்லை. எருக் குறைவென்றெண்ணிப் பிண்ணாக்கும் உரமும் மேன்மேலும் இடுகின்றனர். இது வீண் செலவாகும். குறை மண்ணிலன்று, சீதோஷ்ணத்திலேயே உள்ளது.

ஹைட்ராஞ்சியாவின் கிளைநுனிக் குருத்து பூமொட்டாக மாறுவதற்கு, ஏறக்குறைய 18 டிகிரி சென்டிகிரேடுக்கு உட்பட்ட குளிர்ச்சி 6 முதல் 8 வாரம் வரை வேண்டும். உதகையில் பனிக்கால இரவுகள் 10 டிகிரிக்கும் கீழே இறங்குகின்றன. சென்னையிலோ தை மாதத்திலும் இரவில் 20, பகலில் 29 டிகிரி அளவில் உஷ்ணம் நிற்கிறது. ஆகையால் குருத்து இலையாகவே வளர்ந்துவிடுகிறது.

எல்லாச் செடிகளுக்கும் குளிர்ச்சி ஒரே விதமாய் உதவுவதில்லை. ஸ்ரீநகரில் பங்குனியில் பூக்கும் டியூலிப்பின் பூ, கிழங்கைத் தோண்டி வைத்தபின் வெதுவெதுப்பான காலத்திலேயே அதனுள் உருவாகிவிடுகிறது. அதன் தண்டு நீண்டு வெளிவரவே 12 முதல் 16 வாரக் கடுங்குளிர் தேவை. சாமந்திக்கோ இரவின் நீளமே முதற்காரணம், குளிர்ச்சி துணைக்காரணம். ஆதலின் ஐப்பசி, கார்த்திகையில் அது சமவெளியிலும் நன்கு பூக்கிறது. இரவெல்லாம் விளக்கொளி படுமிடத்தில் மட்டும் மொட்டு வைப்பது பிந்தும்.

கவனிக்க வேண்டியவை:

1. செடி வாங்குமுன், அது மொட்டு வைக்கக் குளிர்ச்சி வேண்டுமா என்று விசாரித்தறிக.

2. குளிர்ச்சியின் குறையை எருவால் நிரப்ப இயலாது. தழைச்சத்து மிகுந்தால் இலையே மிகும்.

3. மலைப்பிரதேசத்தில் ஹைட்ராஞ்சியா வைத்திருப்போர், பூ முடிந்தவுடனே கவாத்துச் செய்க. குளிர்காலத்திலோ அதன் பின்னரோ நுனியை வெட்டினால், உருவான மொட்டும் உடன் போய்விடும்.

4. சமவெளிக்கு மல்லிகை, சம்பங்கி, அரளி, விருட்சி முதலியவை ஏற்றவை. இவற்றிற்கு மலைக்குளிர் வேண்டுவதில்லை.

பாடசாலை, சாவடித் தோட்டங்களுக்குப் பொதுப்பணத்தில் செடி வாங்கும் கிராம அதிகாரிகள் இதனை முக்கியமாய் மனத்திற் கொள்வார்களாக. ஊரின் சீதோஷ்ணத்திற்கிசைந்த செடியே வருஷந்தோறும் பூத்துப் போட்ட பணத்திற்குப் பலன் தரும்.