மரியன் பாடிய படிக்கட்டு



மரியன் ஆண்டர்சன் 1897-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் பிறந்த கறுப்பினப் பெண். சின்ன வயசுலேயே அப்பா இறந்துட்டார். அம்மா வீட்டு வேலை செய்து மூன்று பெண்களை வளர்த்தார். மரியன் பாடிய தேவாலயத்து மக்கள் காசு சேர்த்து அவரைப் பாட்டு படிக்க வைத்தார்கள்.

1939-ல் வாஷிங்டனில் அவர் பாட ஒரு அரங்கம் கேட்டார்கள். அரங்கம் ஒரு பெண்கள் சங்கத்துக்குச் சொந்தம். கறுப்பினத்தவர் என்பதால் தர மறுத்துட்டாங்க. அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினாரும் அந்தச் சங்கத்தில் உறுப்பினர். அவர் விலகினார். ஏப்ரல் 9 அன்று லிங்கன் நினைவிடப் படிக்கட்டில் மரியன் பாடினார். கேட்க வந்தவர்கள் சுமார் 75,000 பேர்!

கைதூக்கி விட்டதும் கூட்டம்தான், கதவை மூடியதும் கூட்டம்தான். நம்ம குழு எது? இந்த மாதக் கூட்டத்தில் பேசுவோம்.