பக்கவாதமும் பேச்சிழப்பும்

மூளையின் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ பக்கவாதம் உண்டாகிறது. பெரும்பாலோருக்குப் பேச்சு மையங்கள் இடப்பக்க மூளையில் அமைந்துள்ளன. பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1865இல் இதனை எடுத்துரைத்தார். அப்பக்கம் சிதையும்போது வலக்கை, வலக்காலுடன் பேச்சும் பாதிக்கப்படுகிறது.

பேச்சிழந்தவர் அறிவிழந்தவர் அல்லர். சிலருக்குப் பிறர் கூறுவது விளங்கும். விடையளிக்கச் சொல் எழாது. வேறு சிலர் தடையின்றிப் பேசுவர். ஆயினும் அதில் பொருள் இராது. இவர்களைச் சித்தம் கலங்கியவர்களெனக் கருதுவது தவறு.

உடல்நிலை சீரானதும் பயிற்சி தொடங்கப்பட வேண்டும். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும். பின்னரும் மெல்லத் தொடரும். குடும்பத்தினர் சிறு வாக்கியங்களில், ஒரு நேரத்தில் ஒரு வினா மட்டும் கேட்டு, விடைக்குப் பொறுமையுடன் காத்திருத்தல் நலம். படமும் சைகையும் துணைபுரியும்.

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் குறிப்பிட்ட 7 வகைகளில் பேச்சிழப்பு இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டின் சட்டம் வகைகளை 21 ஆக உயர்த்தியபோது, நரம்புக் காரணங்களால் நிலைத்துவிட்ட பேச்சிழப்பும் சேர்க்கப்பட்டது. பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரைப் பொதுவாக நீக்கவோ பதவியிறக்கம் செய்யவோ இயலாது என்று அதன் 20ஆம் பிரிவு கூறுகிறது. பழைய பணிக்கு ஏற்றவராக இல்லாவிடில், அதே ஊதியத்தில் வேறு பணி அளிக்கப்படல் வேண்டும்.

ஆகவே, சான்றிதழ் வழங்குவோரும் அலுவலகத் தலைவர்களும் கைகால் வலுவை மட்டும் நோக்காது, பேச்சின் நிலையையும் தனியே ஆராய்தல் இன்றியமையாதது. அவ்வாறு செய்யாவிடில், தம் உரிமையைத் தாமே எடுத்துரைக்க இயலாதவர் அதனை இழக்க நேரிடும்.