பழைய லாரி எஞ்சினும் பைபாஸ் ஆயில் ஃபில்டரும்

பம்ப் அனுப்பும் ஆயில் முழுவதும் ஃபில்டர் வழியாகத்தான் பேரிங்குக்குப் போகும் என்று வைவாவில் ஒப்பிப்போம். இன்றைய எஞ்சின்களுக்கு அது சரி. பழைய லாரிக்கு அப்படிச் சொன்னால் மார்க் போச்சு!

செவர்லே லாரிகளில் 1937 முதல் 1953 வரை வந்த 216 கன அங்குல, ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். மெயின் பேரிங்குகளுக்கு பிரஷரில் ஆயில் போகும். கனெக்டிங் ராடு பேரிங்குகளுக்கோ, ராடின் அடியிலுள்ள டிப்பர் (லாரி அல்ல!) தொட்டியில் தோய்ந்து அள்ளித் தரும். ஓடும்போதே பிரஷர் சுமார் 14 பி.எஸ்.ஐ.தான். ஃபில்டர் தனிக் காசுக்கு. அதுவும் பைபாஸ் வகை: சிறு குழாயில் பிரியும் கொஞ்சம் ஆயில் மட்டும் டப்பாவில் வடிகட்டப்பட்டு, பேரிங்குக்குப் போகாமல் நேரே சம்ப்புக்குத் திரும்பும்.

அந்த வழியில் ஒரு குறுகிய துவாரம் உண்டு. "ஓட்டை சின்னதா இருக்கே" என்று டிரில் போட்டால் தொலைந்தது. கீழ்வீட்டுக் குழாயை முழுசாகத் திறந்தால் மாடியில் தண்ணீர் வராதே, அதே கதைதான். ஆயில் சுலபமான வழியில் சம்ப்புக்கு ஓடிவிடும், பிரஷர் விழும், பேரிங் காயும். துவாரம் இல்லாத புது மாடல் ஃபுல் ஃப்ளோ ஃபில்டரை அந்தக் குழாயில் மாட்டினாலும் இதே கதி.

எலிமெண்ட் அடைத்துக்கொண்டால்? பேரிங்குக்கு ஆயில் வழக்கம்போல் போகும், கேஜும் காட்டிக்கொடுக்காது. சுத்தம் செய்வது மட்டும் நின்றுவிடும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் டப்பாவை லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஆயில் ஓடினால் சுடும். ஆறிக் கிடந்தால் எலிமெண்ட்டை மாற்றி, துவாரத்துக்குக் காற்று அடியுங்கள். டிரில் பெட்டியிலேயே இருக்கட்டும்.